ரெய்டு கார்டு வாங்கப் போய் வாங்காமல் வந்த கதை

நான் வீடியோ எடுத்த கல்யாணம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் போன் வரும்: "அண்ணா, அந்த வீடியோ இன்னொரு காப்பி கிடைக்குமா?" அதனாலேயே எதையும் அழிப்பதில்லை. இருந்த ஒரே ஹார்டு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்ததும் வயிறு கலங்கியது. உடனே இரண்டு 4 டிபி டிஸ்க் வாங்கினேன். ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை. அதில் ரெய்டு 1 போட்டால் ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ஒன்று போனாலும் வேலை நிற்காது.

கடைக்காரர் இந்த வேலையைப் பார்க்கும் ரெய்டு கார்டைக் காட்டினார். தனி சிப், தனி மெமரி, கரண்டு போனால் அந்த மெமரியில் இருப்பதைக் காப்பாற்ற ஒரு பேட்டரி. நல்ல சாமான்தான். "சரி, இந்தக் கார்டே போய்விட்டால்?" என்று கேட்டேன். "இதே மாடல், இல்லாவிட்டால் இதே கம்பெனியில் ஒத்துவருகிற கார்டு போடணும் சார்" என்றார். ஐந்து வருடம் கழித்து அதற்கு நான் எங்கே அலைவது?

மதர்போர்டிலேயே ரெய்டு இருக்கிறதே என்று ஒரு நப்பாசை. அது பெயருக்குத்தான் ஹார்டுவேர். டிரைவர் வழியாக வேலையை எல்லாம் பிராசஸர்தான் பார்க்கிறது. விட்டுவிட்டேன்.

கடைசியில் பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டு, அதில் எம்டிஆடம் (mdadm) என்ற கருவி கொண்டு, கார்டே இல்லாத சாஃப்ட்வேர் ரெய்டு அமைத்தேன். ரெய்டு 5, 6 என்றால், போன டிஸ்க்கில் இருந்ததை மீட்க உதவும் பாரிட்டி கணக்கு உண்டு. ரெய்டு 1-இல் அதுவும் கிடையாது, பிராசஸருக்குப் பெரிய சுமையில்லை. இரண்டு டிஸ்க்கையும் ஒன்றுபோல ஆக்கும் முதல் சிங்க் நொடிக்குச் சுமார் 140 எம்பி வேகத்தில், இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியற்காலை ஆறு வரை ஓடியது.

மெஷினை அணைத்து, வேண்டுமென்றே ஒரு டிஸ்க்கின் கேபிளை உருவிவிட்டுத் திரும்ப ஆன் செய்தேன். நிலவரம் காட்டும் வரியில் டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு 'யூ' (U) நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது, பக்கத்தில் ஒரு கோடு. வீடியோ பாட்டுக்கு ஓடியது. பிறகு இரண்டு டிஸ்க்கையும் தம்பியின் லினக்ஸ் மெஷினில் மாட்டினேன். ஒரே கட்டளை, அத்தனை ஃபோல்டரும் வந்து நின்றன. அங்கேதான் எனக்கு நிம்மதி.

அந்த நிம்மதி ஒரு வாரம் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு நிச்சயதார்த்த ஃபோல்டரை அழித்தேன். இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றாகவே போனது. கேமரா கார்டை ஃபார்மேட் செய்யாததால் தப்பித்தேன். இப்போது ஞாயிறுதோறும் வெளி டிஸ்க்கில் ஒரு காப்பி எடுக்கிறேன். அது மாமியார் வீட்டு பீரோவில் இருக்கிறது.