‘இல்லை’ வேறு, ‘தெரியாது’ வேறு

ரத்தத்தில் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு 212. எனக்கு வயது 34. காரைக்குடியில் நான் காட்டிய டாக்டர் சீட்டைப் புரட்டிவிட்டு, "குடும்பத்துல யாருக்கும் ஹார்ட் பிரச்சினை இல்லன்னு போட்டிருக்கே" என்றார். யார் சொன்னது? "நான் தத்துப் பிள்ளை, தெரியாதுங்க" என்றுதான் ஆஸ்பத்திரி முன்மேசையில் சொன்னேன். ‘தெரியாது’ போட இடமில்லையாம், ‘இல்லை’ போட்டுவிட்டார்கள்.

பிரசவத்தின்போது இதற்கு நேர்மாறு. கூட வந்த, என்னை வளர்த்த அம்மா தன் சர்க்கரையையும் அப்பாவின் பிரஷரையும் ஒப்பிக்க, இரண்டும் என் கணக்கில் ஏறின!

எங்கள் பக்கம் செட்டியார் வீடுகளில் பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, புதிதல்ல. ஆனால் பங்காளி வீட்டிலிருந்து கூட்டுவார்கள். பெற்ற வீட்டு வியாதி ஊருக்கே தெரியும். நான் வந்தது வெளியூர்க் குழந்தைகள் இல்லத்திலிருந்து.

சரி, கேட்டுப் பார்ப்போம் என்று அந்த இல்லத்துக்குப் போனேன். மூன்று மணி நேர பஸ். "அப்பா அம்மா கையெழுத்து வேணும்" என்று திருப்பி அனுப்பினார் அங்கிருந்தவர். மறுவாரம் 71 வயது அப்பாவை அழைத்துப் போனால், கோர்ட் உத்தரவின் நகல் எங்கே என்றார். (இப்போது தத்து உத்தரவு தருவது கலெக்டர், என் காலத்தில் கோர்ட்.) அது வீட்டு டிரங்குப் பெட்டியில். வீட்டுக்கு வந்து தத்தெடுப்பு விதியைப் படித்தால், 18 வயது முடிந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். அப்பாவை அலைக்கழித்ததுதான் இன்னும் ஆறவில்லை. மூன்றாம் தடவை அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் போனேன். பெயர், விலாசம் எதுவும் வேண்டாம், உடம்பு சம்பந்தமான தாள் மட்டும் போதும் என்று தனியாக எழுதிக் கொடுத்தேன். பேச்சே மாறிவிட்டது.

ஒரே ஒரு தாள் வந்தது. எடை 2.1 கிலோ, போட்ட தடுப்பூசிகள், பெற்றவளுக்கு வயது 19. பரம்பரை நோய் என்ற இடத்தில், ‘இல்லை’. 19 வயதுப் பெண்ணிடம் அன்று யாராவது கேட்டிருப்பார்களா?

டாக்டர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டார். எல்டிஎல் 190-க்கு மேல் போனால் குடும்பக் கதைக்காகக் காத்திருக்க வேண்டாமாம், மாத்திரை எழுதினார். பரம்பரைக் கொழுப்பாக இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகளுக்கும் ஒரு தடவை பாருங்கள் என்றார். பார்க்க வேண்டும்.

என்னைப் போன்றவர்கள், எழுதியதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். நான் முன்மேசையில் நின்று, குறிப்புப் பகுதியில் ‘தத்து, விவரம் தெரியாது’ என்று அடிக்கவைத்த பிறகுதான் நகர்ந்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது.