ரிப்போர்ட் முழுக்க ‘ஆர்’

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு மாற்றிய பிறகு அப்பாவுக்குக் குளிர்ஜுரம் கண்டது. உடலில் செருகியிருந்த கதீட்டர் குழாய் வழியாகத் தொற்று ஏறியிருக்கலாம் என்று ரத்தம், சிறுநீர் இரண்டையும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். கிருமி தட்டில் வளர வேண்டும், வளர்ந்ததை மருந்துகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். அதுவரை மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஜுரம் அசையவில்லை.

ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா நிமோனியே என்று இருந்தது. கீழே மருந்துப் பட்டியல். எதிரே ‘எஸ்’ என்றிருந்தால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ‘ஆர்’ என்றால் அடங்காது. மெரோபெனம் உட்பட ஏறக்குறைய எல்லாமே ‘ஆர்’. அடுத்தது கடைசிக் கை ஆன்டிபயாடிக்கான கொலிஸ்டின்தான் என்று பயந்தேன். அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், அப்பாவுக்கோ சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏற்கெனவே ஏறியிருந்தது.

தொற்றுநோய் நிபுணர் வேறு கணக்குப் போட்டார். இந்தக் கிருமி என்டிஎம் என்ற நொதியைச் சுரக்கிறது. அது மெரோபெனத்தை உடைத்துவிடும், அஸ்ட்ரியோனாம் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்கை உடைக்காது. ஆனால் இதே கிருமியிடம் அஸ்ட்ரியோனாமை உடைக்கும் வேறு நொதிகளும் இருக்கும். அந்த நொதிகளை அடக்க அவிபாக்டம் என்ற மருந்து வேண்டும். எங்களுக்குக் கிடைத்த ஊசியில் அது செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தே இருந்தது. செஃப்டாசிடிமால் இங்கே பயனில்லை. தோழனுக்காக மாப்பிள்ளையையும் அழைத்த கதைதான். அந்த ஊசியும் அஸ்ட்ரியோனாமும் ஒன்றாக ஏறின. கதீட்டரையும் எடுத்துவிட்டார்கள். அதன் உள்சுவரில் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து எளிதில் எட்டாதாம். ஜுரம் இறங்கியது.

அப்பாவைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். அவருக்கென்றே ஒரு ஸ்டெதஸ்கோப், ஒரு பிபி பட்டை. உள்ளே வருகிறவர்கள் கவுனும் கிளவுஸும் போட வேண்டும். நர்ஸுகள் ஒருமுறைகூடத் தவறவில்லை. ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் வெறுங்கையோடு நுழைந்தபோது வயதில் சின்ன நர்ஸ் ஒருவர், “சார், கிளவுஸ்” என்று நீட்டினார். அவரும் பேசாமல் வாங்கி மாட்டிக்கொண்டார்.

டிஸ்சார்ஜுக்கு முன் மலக்குடலில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த ஸ்வாபில் அதே கிருமி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “குடலில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இதை நோய் என்று சொல்ல மாட்டோம். இதற்கு மருந்து கொடுத்தால் மிச்சமிருக்கும் நல்ல கிருமிகள்தான் சாகும்,” என்றார் நிபுணர். மாதக்கணக்கில் இருக்கலாமாம். வீட்டில் சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும், தனித்தட்டு தேவையில்லை. அடுத்து எங்கே அட்மிட் ஆனாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்திலேயே அதை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பிறகு ஹெர்னியா அறுவைக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அட்மிஷன் கவுண்டரில் அதைத்தான் முதலில் நீட்டினோம். தனி அறை காலியாகும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தோம்.