செங்காய்

போன ஜூலையில் ஒரு நாள் ராத்திரி, வீட்டின் பின்பக்கம் வைத்திருந்த தக்காளிச் செடியில் தொங்கிய ஒரே ஒரு காயைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எலுமிச்சை அளவு இருக்கும். பச்சை. அடிப்பக்கம் மட்டும் லேசாக வெளுத்த மாதிரி இருந்தது. நிஜமாகவே வெளுத்திருந்ததா, ஆசையில் எனக்கு அப்படித் தெரிந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. இங்கே மணி எட்டரை, வெளிச்சம் இன்னும் போகவில்லை. அங்கே காலை ஆறு. அப்பா தோட்டத்துக்குக் கிளம்புகிற நேரம்.

ஐந்து நிமிடத்தில் பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. எங்கள் தோட்டத்து வேலியோரம் குவியலாகத் தக்காளி. நல்ல சிவப்பு. இரண்டு ஆடுகள் குவியல் மேல் ஏறி நின்று தின்றுகொண்டிருந்தன. கூடவே அப்பாவின் குரல்: "பெட்டி நாப்பது ரூவாய்க்குக் கேக்கறாங்க கண்ணு. பறிப்புக் கூலிக்கே கட்டாது. கொட்டியாச்சு. நீ உன்ற காயைப் பத்தரமாப் பாத்துக்க."

ஒட்டன்சத்திரம் பக்கம் பெட்டி என்றால் 14 கிலோ. கிலோ என்ன விலை என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். நான் அன்று சாயங்காலம்தான் கொத்தோடு இருந்த நாலு தக்காளியை மூன்றரை டாலர் கொடுத்து வாங்கி வந்திருந்தேன்.

டொரண்டோவுக்கு வடக்கே உட்பிரிட்ஜில் ஆறு வருஷமாக இருக்கிறோம். பனி வாரும் மண்வெட்டியை எந்தக் கடையில் எந்த மாதம் மலிவாக வாங்கலாம் என்று தெரியும். மைனஸ் பத்தில் கையுறை இல்லாமல் காரில் பெட்ரோல் போடுவேன். நாலு பேர் கூடினால் முதலில் வானிலை பற்றித்தான் பேசுகிறேன். இதெல்லாம் வந்துவிட்டால் ஊன்றிவிட்டோம் என்றுதான் அர்த்தம் என்பேன். ஆனால் வந்த புதிதில் பின்பக்கப் புல்தரையைப் பற்றி அப்பாவிடம் "தோட்டம் இருக்குங்கப்பா" என்று சொல்ல, அவர் "எத்தனை ஏக்கரா? தண்ணி எப்படி?" என்று கேட்டதிலிருந்து அந்த வார்த்தையை அவரிடம் எடுப்பதில்லை. பன்னிரண்டு அடிக்கு நாலடி. தண்ணீர், குழாய்த் தண்ணீர்.

முதல் வருஷம் மே மாத முதல் வாரத்தில் 22 டிகிரி வெயில் அடித்தது. ஊர் ஞாபகத்தில் ஆறு நாற்று வாங்கி நட்டேன். அடுத்த வாரமே ஒரு ராத்திரி உறைபனி விழுந்தது. காலையில் பார்த்தால் ஆறும் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் துவண்டு கிடந்தன. விக்டோரியா டே வரைக்கும் தக்காளி நாற்றை வெளியே வைக்கக் கூடாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த சேதி. மே 25க்கு முந்தி வரும் திங்கட்கிழமை அது. நம் ஆடிப்பட்டம் போலத்தான். விக்டோரியா ராணி பிறந்தநாளுக்கும் தக்காளிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை.

இதை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. இத்தாலியில் கலாப்ரியாவிலிருந்து இளைஞராகக் கப்பலேறி வந்தவர். உட்பிரிட்ஜில் எங்கு திரும்பினாலும் இத்தாலியர்கள்தான். அவர் வீட்டுப் பின்பக்கத்தில் புல் என்று ஒன்றே கிடையாது, வேலி முதல் வேலி வரை நாற்பது செடி. கிழிந்த பனியனை நாடாவாகக் கிழித்துச் செடியைக் குச்சியோடு கட்டுகிறார். அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் தாத்தா வாழைநாரில் கட்டுவார், முடிச்சு ஒன்றுதான். எட்டு மாதிரி ஒரு சுற்று, தண்டை இறுக்காமல். இந்தத் தாத்தா குளிர்காலம் வருமுன் தன் அத்திமரத்தை வேரோரம் தோண்டிச் சாய்த்து, பலகை போட்டு, மண்ணை மூடிப் புதைத்துவிடுவார். வசந்தத்தில் திரும்பத் தோண்டி நிமிர்த்துவார். ஊரை விட்டு வந்தவர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். நாம் கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைகிறோம்.

சரி, தக்காளிக்கு வருகிறேன்.

போன வருஷம் நான் வாங்கிய நாற்றில் செருகியிருந்த அட்டையில் பெயர் 'எர்லி கேர்ள்'. 60 நாளுக்குள் பழம் என்று போட்டிருந்தது. காலண்டரில் வட்டம் போட்டேன், ஜூலை 20. ஜூலை 20 வந்தது, போனது. காய்கள் பெருத்தன, பளபளத்தன, அப்படியே நின்றன. தக்காளியிடம் இது ஒரு கெட்ட பழக்கம். முழு அளவுக்கு வளர்ந்தபிறகு இரண்டு மூன்று வாரம் எதுவுமே நடக்காத மாதிரி நிற்கும். உள்ளே விதை முற்றும், வெளியே ஒரு சேதியும் வராது. காலையில் காபியோடு ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை, பாத்திரம் கழுவிவிட்டு டார்ச் அடித்து ஒரு தடவை போய்ப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், "நீ பாக்கறேன்னுதான் அது வெக்கப்பட மாட்டேங்குது" என்றார். அம்மா, "போட்டோ எல்லாம் எடுக்காத, கண்ணு பட்டுரும்" என்றாள்.

இடையில் ஒரு வாரம் 33 டிகிரி. வெயில் என்றால் பழுக்கும் என்றுதானே நினைப்போம்? முப்பதைத் தாண்டினால் தக்காளிக்குச் சிவப்பு நிறம் தருகிற லைக்கோபீன் உருவாவது நின்றுபோகுமாம். இருபதிலிருந்து இருபத்தைந்து வரைதான் அதற்கு இதம். இதைத் தேடிப் படித்துவிட்டுப் பெருமையாக அப்பாவிடம் சொன்னேன். "அதான் சித்திரையில மஞ்சக் கலர்லயே நிக்கும்" என்றார். கூட ஒரு வார்த்தை இல்லை. நான் இளங்கலை வேதியியல்.

ஆனால் அந்தப் போட்டோ வந்த ராத்திரியிலிருந்து எனக்குள் உறுத்தியது வேறு. எங்கள் வீட்டில் யாரும் தக்காளி பழுப்பதற்காகக் காத்திருந்ததே கிடையாது. பழுத்துவிடுமோ என்றுதான் பயம். அப்பா சாயங்காலம் சாலில் நடந்துகொண்டே இலையை ஒதுக்கி ஒதுக்கிப் பார்ப்பார். "கலர் விழுந்திருச்சு" என்று ஒரு சொல் சொன்னால் வீடே மாறிவிடும். அம்மா பறிப்புக்கு ஆள் சொல்ல ஓடுவாள். விடிகாலையில் நாங்களும் இறங்குவோம். செங்காயாகப் பறிக்க வேண்டும். காய் பச்சையாகவும் இருக்கக் கூடாது, பழமாகவும் இருக்கக் கூடாது. அடியில் ரோஜா நிறம் ஒரு ரூபாய் அளவுக்கு விழுந்திருக்க வேண்டும். ஒட்டன்சத்திரம் கமிஷன் கடைக்குப் போய், கேரளா லாரியில் ஏறி, அங்கே கடைக்குப் போய்ச் சேரும்போது அது பழமாகியிருக்கும். ஒரு நாள் மழை பெய்து பறிப்புத் தள்ளிப்போனால் போச்சு. செடியிலேயே பழுத்தது வெடிக்கும், பெட்டியில் அடியில் கிடப்பது நசுங்கும், கடைக்காரர் விலையைக் குறைப்பார்.

அப்படி விற்க லாயக்கில்லாமல் செடியிலேயே பழுத்ததுதான் எங்கள் வீட்டுக்கு வரும். தோள் வெடித்தது, புள்ளி விழுந்தது, ஒரு பக்கம் அணில் கொறித்தது. அம்மா அழுகலை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ரசத்துக்குப் பிசைவாள். 'கழிவு' என்று அதற்குப் பெயர். "நல்ல தக்காளியே நமக்குக் கிடையாதா?" என்று பள்ளிக்கூடம் படிக்கும்போது அவளிடம் சண்டை போட்டிருக்கிறேன். இங்கே வந்து, 'செடியிலேயே பழுத்தது' என்று எழுதி ஒட்டி இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறதைப் பார்த்தபிறகுதான் உறைத்தது. நாங்கள் தின்றது அதைத்தான். கேரளாவுக்குப் போனது இரண்டாம் தரம்!

இங்கே குளிர்காலத்தில் கடையில் கிடைப்பது என்ன தரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பச்சையாகப் பறித்து எத்திலீன் வாயு காட்டிச் சிவக்க வைத்து அனுப்புவதும் உண்டு. ஒருமுறை சமையல் மேடையில் மறந்து வைத்த ஒன்று மூன்று வாரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதில் ரசம் வைத்தால் புளிதான் வேலை செய்ய வேண்டும். ஸ்காபரோவில் இலங்கைத் தமிழர் கடைக்குப் போனால் 'தக்காளிப்பழம்' என்பார்கள். எனக்கு முதலில் விநோதமாகப் பட்டது. காய்கறிக் கடையில் வாங்குவதைப் பழம் என்பானேன் என்று. இப்போது அவர்கள் சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது. பழமாக இருந்தால் சொல்ல வேண்டியதுதானே.

2023 ஜூலையில் நம் ஊரில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் அறுபதுக்குக் கொடுத்தார்களே, அந்த வருஷம் அப்பா மக்காச்சோளம் போட்டிருந்தார். இதற்கு மேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலையில் என் முதல் காயில் கலர் விழுந்தது. சந்தேகமே இல்லை, அடியில் இளஞ்சிவப்பு. பக்கத்து வீட்டுத் தாத்தாவை வேலி வழியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "பொமொடோரோ" என்று பெயர் சொல்லி வாழ்த்துவதுபோல் சொன்னார். அவர்கள் மொழியில் 'தங்க ஆப்பிள்' என்று பொருள். அப்புறம் கையால் சைகை செய்தார்: இப்போதே பறி, உள்ளே கொண்டுபோய் வை, பழுக்கும். அடக் கடவுளே, கலாப்ரியாவிலும் செங்காய்தானா! மாட்டேன் என்று தலையாட்டினேன். செடியிலேயே பழுக்க வேண்டும் எனக்கு.

மறுநாள் காலையில் அது வேலி மேல் இருந்தது. ஒரே ஒரு கடி. மீதி முழுசாக இருந்தது. ஊர் அணிலுக்கு ராமர் மூன்று கோடு போட்டுவிட்டார், அதனால் மன்னித்துவிடலாம். இங்கே உள்ளது பூனைக்குட்டி அளவு, கறுப்பு, கோடும் இல்லை குணமும் இல்லை. பிடித்ததென்றால் தின்றுவிட்டுப் போயேன்! ருசி பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கு அலமாரியைக் குடைந்து தங்கச்சி வளைகாப்பில் கொடுத்த தாம்பூல வலைப்பைகளைத் தேடி எடுத்தேன். ரோஸ் நிறம், தங்க ஜரிகை, இழுத்தால் சுருங்கும் நாடா. இரண்டில் இன்னும் பாக்குத் துகள் இருந்தது. உதறிவிட்டு, பெருத்த காய்களாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் மாட்டிவிட்டேன். செடி சீமந்தக்காரி மாதிரி நின்றது. தாத்தா தன் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். அந்தப் பாட்டி ரொம்ப நேரம் சிரித்தாள்.

பைக்குள்தான் பழுத்தது. ஆகஸ்ட் இருபத்தேழு. மத்தியான வெயிலில் பறித்துக்கொண்டு வந்து, கழுவக்கூட இல்லை, மூன்றாக வெட்டி உப்புத் தூவினேன். பையன் ஒரு கடி கடித்துவிட்டு, "அம்மா, இது ஏன் சூடா இருக்கு?" என்றான். அவன் இதுவரை தின்ற தக்காளி எல்லாமே ஃப்ரிட்ஜிலிருந்து வந்தவை. எனக்கோ சூடாக இல்லாத தக்காளிதான் இங்கு வந்து புதிதாகப் பார்த்தது. பறிப்பு முடிந்து சாலில் உட்கார்ந்து, பாவாடையில் துடைத்து, கடித்தால் வாய்க்குள் வெயில் இறங்கும். விதைக்குழம்பு முழங்கை வரை வழியும். கையெல்லாம் பச்சைக் கறை. சோப்புப் போட்டுக் கழுவினால் மஞ்சளாக நுரை வரும். அந்த வாசனையோடேயே பள்ளிக்கூடம் போவேன். பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைச் சுளிப்பாள்.

என் பங்கு மூன்றில் ஒன்றும் அப்படியே தட்டில் இருந்தது. தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. தோல் கொஞ்சம் தடிப்பு.

செப்டம்பரில் தாத்தா வீட்டுக் கார் ஷெட்டில் பெரிய அண்டாவில் தக்காளி கொதித்தது. பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லாம் வந்து வருஷத்துக்கான சாஸ் காய்ச்சி பாட்டில் பாட்டிலாக அடைத்தார்கள். எனக்கு இரண்டு பாட்டில் வந்தது. நான் பதிலுக்குத் தக்காளித் தொக்கு கொடுத்தேன், காரம் குறைத்துத்தான். மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நன்றியா, எரிச்சலா என்று புரியவில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் உறைபனி எச்சரிக்கை வந்தது. இருட்டில் டார்ச்சோடு போய் எல்லாவற்றையும் பறித்தேன். முப்பத்தொன்று, பெரும்பாலும் பச்சை. ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, ஒரு வாழைப்பழத்தையும் கூடப் போட்டு, மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டியில் வைத்தேன். சுத்தமான பச்சையாக இருந்த ஏழெட்டை மறுநாள் தக்காளிக்காய்க் கூட்டு வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பெட்டியைத் திறந்து அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போனை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"அந்த மூலையில இருக்கறது செங்காய். அதை எடுத்து மேல வை. அமுங்கிரும்."

வைத்தேன்.

"மொத்தம் எவ்வளவு கண்ணு?"

சமையலறைத் தராசில் நிறுத்தே வைத்திருந்தேன். "ரெண்டே கால் கிலோங்கப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப் போடுகிறார் என்று முகத்தில் தெரிந்தது.

"கமிஷன் போக?" என்றார்.