ரெண்டு வாரத்துல ஊருக்குப் போக வேண்டியவர்

ராக்கி வெர்சாச்சேன்னு அமெரிக்க ராணுவத்துல ஒரு கேப்டன். 1963 அக்டோபர் 29 அன்னிக்கு வியட்நாம்ல அவருக்கு டூட்டி முடிய ரெண்டு வாரம் கூட முழுசா இல்ல. முடிஞ்சதும் பாதிரியாருக்குப் படிச்சிட்டு, அதே வியட்நாமுக்குத் திரும்பி வந்து அனாதைப் புள்ளைங்களைப் பாத்துக்கணும்னு இருந்தவரு. வேலை உளவுத்துறை ஆலோசகர், அதாவது தென் வியட்நாம்காரங்களுக்கு யோசனை சொல்றது. ஆனா மீகாங் டெல்டாவுல உள்ளூர் ஆளுங்க படை சண்டைக்குக் கிளம்பினப்ப இவரும் கூடவே போயிட்டாரு.

அங்க வியட்காங், அதாவது தென் வியட்நாம் அரசை எதுத்துச் சண்டை போட்ட கம்யூனிஸ்ட் படை, ஒரு பட்டாலியனா வந்து வளைச்சிட்டாங்க, மோர்ட்டார், மெஷின் கன் எல்லாம். முழங்கால்லயும் முதுகுலயும் குண்டு பாஞ்சும் சுட்டுக்கிட்டே இருந்திருக்காரு. கடைசில நிக் ரோ, டேனியல் பிட்சர்னு இன்னும் ரெண்டு அமெரிக்க ராணுவக்காரங்களோட இவரையும் பிடிச்சிட்டாங்க.

இதுக்கப்புறம்தான் எனக்கு மனசு ஆடிப்போச்சு. மூணு வாரம் கூட ஆவல, காயத்துக்கு மருந்து கிடையாது, கால ஊனி நிக்க முடியாது, அப்பவும் கையும் முட்டியும் ஊனி சேத்துக்காட்டுக்குள்ள தவழ்ந்தே தப்பிக்கப் பாத்திருக்காரு. மெதுவாத்தான போக முடியும், கேம்ப் தாண்டினதும் காவல்காரங்க பிடிச்சிட்டாங்க. அப்புறமும் விடல, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணியிருக்காரு. காலுக்கு விலங்கு, மூங்கில் கூண்டு, தனிமை. விசாரணைல அவங்க வியட்நாமீஸ்ல பேசினா வியட்நாமீஸ்ல, பிரெஞ்சுல பேசினா பிரெஞ்சுல எதுத்து வாதாடுவாராம். மத்த கைதிங்களுக்குச் சொல்ல வேண்டியத அப்போதைய ஹிட் பாட்டு மெட்டுல சேத்துப் பாடியே சொல்லிடுவாராம்!

காவேரிப்பட்டணத்துல எங்க சித்தப்பா, மிலிட்டரில இருந்து பென்ஷன்ல வந்தவரு, அவர்கிட்ட இதச் சொன்னேன். "அந்தக் காலோட தவழ்ந்தானா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. "சண்டைல பக்கத்துல ஆளு இருக்கும்பா, ஆர்டர் இருக்கும். பிடிபட்ட எடத்துல ஒரு கையெழுத்து போட்டுட்டு சோறு தின்னா யாருக்குத் தெரியப்போவுது? அவன் போடலியே"ன்னாரு.

2019-ல நம்ம அபிநந்தன் பாகிஸ்தான்ல பிடிபட்டப்ப கிருஷ்ணகிரில டீக்கடைங்கள்ல கூட டிவிய விட்டு யாரும் நகரல, மார்ச் 1 ராத்திரி வாகா வழியா அவர் வந்தப்புறம்தான் எங்க வீட்ல நிம்மதியா சாப்புட்டாங்க. வெர்சாச்சேக்கு அப்படி யாரும் கேட் திறந்து விடல. 1965 செப்டம்பர் 26-ல சுட்டுக் கொன்னுட்டாங்க, வயசு 28. உடம்பு இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல, அமெரிக்காவோட ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைல இருக்கிறது வெறும் பேர்க்கல்லுதான்.

1968 கடைசி நாள்ல நிக் ரோ தப்பிச்சு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அடுத்த வருஷமே வெர்சாச்சேக்கு அமெரிக்காவோட உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் குடுக்கப் பரிந்துரை போச்சு, ஆனா அதுக்குக் கீழ இருக்கிற சில்வர் ஸ்டாரோட நிறுத்திட்டாங்க. நண்பர்களும் சொந்த ஊர்க்காரங்களும் விடாம எழுதிக் கேட்டு, 2002 ஜூலைலதான் அந்த மெடல் வந்துச்சு. அதுக்குள்ள சாட்சி சொன்ன நிக் ரோவே இல்ல, 1989-ல மணிலாவுல அவரையும் சுட்டுட்டாங்க. வெர்சாச்சேவோட அம்மாவும் 1999-ல போயிட்டாங்க. அன்னிக்கே குடுத்திருந்தா அந்தம்மா தன் கையால வாங்கியிருப்பாங்க, எனக்கு அந்தக் கோவம்தான் ஆற மாட்டேங்குது.