ஐட்டானியமும் மாமாவோட விஜய் சூப்பரும்

தக்கலைல எங்க மாமா கிட்ட இன்னும் ஒரு விஜய் சூப்பர் ஸ்கூட்டர் கெடக்கு. கிளட்ச் கேபிள் அறுந்தா மார்த்தாண்டத்துல ஒரே ஒரு மெக்கானிக் கிட்டதான் போவணும், அவரு பழைய பிஸ்கட் டின்னுக்குள்ள கைய விட்டுத் துழாவி ஒண்ணு எடுப்பாரு. போன தடவ 50 ரூவா வாங்குனவரு இந்த தடவ 300 சொல்லுகாரு. மாமா சத்தம் போட்டதுக்கு, "அண்ணாச்சி, இதுக்குன்னு இனி நீங்க ஒராள்தான் வாறிய, டின்னு இருக்க எடத்துக்கு நான் வாடக குடுக்கேன்லா"ன்னாரு.

எனக்கு அப்பம் ஐட்டானியம்தான் ஞாவகம் வந்து. சென்னைல அந்தச் சிப்புல ஓடுக ஹெச்பி-யூஎக்ஸ் (ஹெச்பியோட யூனிக்ஸ்) சர்வர் பாத்துட்டு இருந்தவன் நான்.

ஹெச்பியும் இன்டெலும் 1994ல சேந்து ஆரம்பிச்சு 2001ல வந்த 64 பிட் சர்வர் சிப்பு அது. சாதாரண கம்ப்யூட்டர்ல இருக்க எக்ஸ்86 வகை சிப்புக்கு எழுதுன பழைய புரோகிராம் அதுல ஆம மாதிரிதான் ஓடும். 2003ல ஏஎம்டி கம்பெனியோட ஆப்டெரான் சிப்பு வந்துச்சு, 64 பிட்டும் உண்டு, பழைய சாப்ட்வேரும் அப்படியே ஓடும், பொறவு எவன் இத வாங்குவான்?

சாப்ட்வேர் கம்பெனிக்காரன் பக்கமும் பாக்கணும். இந்தச் சிப்புக்குன்னு புரோகிராம தனியா பில்ட் போடணும், தனி மெஷின்ல டெஸ்ட் பண்ணணும், ஒவ்வொரு பேட்சுக்கும் இதே பாடு, கஸ்டமர் பத்து பேருன்னாலும் பத்தாயிரம் பேருன்னாலும் வேல கொறையாது. லினக்ஸ் விக்குக ரெட் ஹாட் 2009ல கைய விட்டான், மைக்ரோசாப்ட் 2010ல, டேட்டாபேஸ் கம்பெனி ஆரக்கிள் 2011 மார்ச்ல. ஹெச்பி ஆரக்கிள் மேல கேஸ் போட்டு ஜெயிச்சுது, 2016ல ஜூரி சுமார் 300 கோடி டாலர் குடுக்கச் சொல்லிச்சு. இந்தச் சிப்புக்கு சாப்ட்வேர் தொடர்ந்து தாரோம்னு எழுதிக் குடுத்தத மீறுனா கோர்ட்டு விடாது, அது செரி. ஆனா அந்தக் கேஸ்லதான் இன்னொண்ணும் வெளிய வந்துச்சு: சிப்ப 2017 வர நிறுத்தாம இருக்க ஹெச்பியே இன்டெலுக்கு மொத்தம் 69 கோடி டாலர் குடுக்க ஒத்துக்கிட்டிருக்கு. கடைக்காரன் கையில காசு குடுத்து சரக்கு செய்யச் சொன்னா அந்தச் சரக்குக்கு ஆயுசு எவ்வளவுன்னு தெரியாதா? ஆரக்கிள் போட்ட கணக்கு தப்பில்லன்னுதான் எனக்குத் தோணுகு.

எங்க கம்பெனில இந்த சர்வருக்கு ஏஎம்சி (வருஷ பராமரிப்பு) கொட்டேஷன் புது எக்ஸ்86 சர்வர் வெலையத் தாண்டிட்டு. ஆனாலும் மேனேஜர் கையெழுத்து போட்டாரு, ஏன்னா பில்லிங் புரோகிராம் எழுதுன ஆளு வேலைய விட்டுப் போயி வருஷம் எட்டாச்சு, வேற சிப்புக்கு மாத்த அவரு எழுதுன சோர்ஸ் கோடும் கெடையாது. 2021 ஜூலைல கடைசி சிப்பும் போயாச்சு, லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல இருந்தும் 6.7 பதிப்புல இத தூக்கியாச்சு.

போன வாரம் பழைய கூட்டாளி போன் பண்ணுனான். ரேக்ல ஒரு டிஸ்க்குல மஞ்ச லைட்டு எரியுகாம், ஸ்பேர் எங்கயாச்சும் கெடைக்குமாலேன்னு கேக்கான். மார்த்தாண்டத்துல கேட்டுப் பாக்கேன்னு சொன்னேன்.