எச்சரிக்கை நீங்கிய மறுநாள்

2012 ஏப்ரல் 11. சித்திரைப் புத்தாண்டு நெருங்கிய நேரம். பிற்பகல் இரண்டு மணி தாண்டியதும் சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம். சுனாமி எச்சரிக்கை வந்தது. கரையோரச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பிறகு எச்சரிக்கை நீக்கப்பட்டது. கடல் வரவில்லை.

கரையோர ஊர்களுக்கு அனர்த்த விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தப் போனால், அந்த நாளைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு நாவலடியில் ஒரு பெரியம்மா எழும்பி நின்று சொன்னார்: "ஓடச் சொன்னீங்க, ஓடின நாங்க. கடல் வரல்ல. ஏன் வரல்ல எண்டு மறுகா ஒருத்தரும் வந்து சொல்லல்லியே மகள்."

நியாயமான கேள்வி. 2004 டிசம்பர் 26 காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் நிலம் நடுங்கி, அலை நம் கரைக்கு வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அவ்வளவு நேரம் இருந்தும், ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாமல் உயிர்களைப் பறிகொடுத்த ஊர் அது. விஞ்ஞானத்தை நம்பாத சனம் என்று அவர்கள்மீது பழிபோட எனக்கு மனம் வராது.

பதில் சொல்ல, அகன்ற பேசினில் தண்ணீரும் ஓர் அலுமினியத் தட்டும் கொண்டுபோவேன். அடியில் கிடக்கும் தட்டை வெடுக்கென்று மேலே தூக்கினால் தண்ணீர் விளிம்பைத் தாண்டி முன்வரிசையில் இருப்பவர்களின் மடியில் கொட்டும். 2004இல் கடலடித் தரை அப்படித்தான் மேலெழுந்தது. அதே தட்டைப் பக்கவாட்டில் இழுத்தால் சிற்றலைதான். 2012இல் பாறைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தன. நடுக்கம் பெரிது, ஆனால் தண்ணீர் அவ்வளவாகக் கிளம்பவில்லை.

"அப்ப அதை முதலே பாத்துச் சொல்லேலாதா?" என்று கரைவலைக்காரர் ஒருவர் கேட்டார். நடுக்கம் எங்கே, எவ்வளவு பெரிது என்பதைக் கருவிகள் சில நிமிடங்களில் காட்டிவிடும். அலை உண்மையிலேயே கிளம்பியதா என்பதைக் கடல்மட்டக் கருவிகள் காட்ட நேரம் பிடிக்கும். அதுவரை காத்திருந்தால் ஓட நேரம் மிஞ்சாது. அதனால்தான் சந்தேகம் இருக்கும்போதே ஓடச் சொல்கிறார்கள்.

இந்தச் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சனம் குழம்பிவிடும் என்பார்கள் சில அதிகாரிகள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து, நிச்சயமில்லாமலே தினமும் வள்ளத்தைத் தள்ளுகிறவர்களுக்கா இது விளங்காது?

நாங்கள் பேசாமல் விட்ட இடத்தில் வதந்தி வந்து குந்திக்கொள்கிறது. கிணற்றுத் தண்ணி இறங்கிட்டுதாம், பாம்பு கரையொதுங்கிட்டுதாம், இத்தனையாம் திகதி சுனாமியாம் என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வரும். நாள் குறித்து நிலநடுக்கத்தைச் சொல்ல உலகில் எவராலும் இன்னும் முடியாது. ஆனால் அந்தக் குரல்பதிவு 'ஏன்' என்பதற்கும் ஒரு கதை சொல்கிறது. எச்சரிக்கையை நீக்கும் அறிவித்தலிலோ காரணம் இருப்பதில்லை.

மறுநாளே, கோயில் ஒலிபெருக்கியிலோ பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலோ, ஏன் ஓடச் சொன்னோம், ஏன் அலை வரவில்லை என்று பத்து நிமிடம் பேச ஓர் ஆள் போக வேண்டும். நான் பார்த்த திட்டங்களில் சைரனுக்கு இடமிருக்கிறது, ஒத்திகைக்கு இடமிருக்கிறது. இந்த மறுநாள் வேலையையும் அதில் எழுதுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டு வருகிறேன்.