டிஸ்ப்ளே வராத புதுக் கணினியும் வளையாத பின்களும்

புதுக் கணினியில் திரை வராமல், கடைக் கவுண்டரில் "போர்டு போய்விட்டது" (கணினியின் எல்லாப் பாகங்களும் மாட்டப்படும் மதர்போர்டு) என்ற தீர்ப்பைக் கேட்டுவிட்டு வந்திருப்பவர்கள், அடுத்த போர்டு வாங்கப் பணம் புரட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் தங்கையின் புதுக் கணினிக்கும் அதே தீர்ப்புதான் கிடைத்தது. அந்தப் போர்டில்தான் அவள் இன்று வேலை செய்துகொண்டிருக்கிறாள். பழுதே இல்லாத பொருளைப் பழுது என்று சொல்லி, பழியையும் எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தங்கை கட்டடக்கலை படிக்கிறாள். முப்பரிமாண வரைபடங்களுக்கு அவளுடைய மடிக்கணினி ஈடுகொடுக்கவில்லை. ரைசன் 5 9600எக்ஸ் பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு, 650 வாட் பவர் சப்ளை, 1 டிபி எஸ்எஸ்டி என்று முடிவு செய்தோம். கிராபிக்ஸ் கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பிராசசருக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் ஒரே கடையில், ஒரே பில்லில் எல்லாவற்றையும் வாங்கினோம். போர்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே கடைக்காரர்தான். "இந்தப் பிராசசருக்கு இது சரியாக வருமா?" என்று கேட்டேன். "கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போங்கள் சார்" என்றார். விழுப்புரம் வந்து அசெம்பிள் செய்ததில் ஒரு சிக்கலும் இல்லை.

பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுற்றின. மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

இந்த இடத்தில் எதையும் கழற்றாமல், முதலில் போர்டின் ஓரத்தைப் பாருங்கள். இப்போது வரும் பெரும்பாலான போர்டுகளில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டி) என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. கணினி எழும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் வண்டி நின்றிருக்கிறது. எங்களுக்கு நின்றது சிபியு விளக்கு. வெகுநேரம் காத்திருந்தும் அது அசையவில்லை.

பிறகு ஒன்றொன்றாகச் சந்தேகங்களைக் கழித்தோம். பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் எட்டு முனைக் கேபிள் சரியானதா? கிராபிக்ஸ் கார்டுக்கு உரியதும் எட்டு முனைதான், ஆனால் அது ஆறும் இரண்டுமாகப் பிரியும். பிராசசருக்கு உரியது நான்கும் நான்குமாகப் பிரியும். சரியானதுதான் இருந்தது. ஒரே ஒரு ராமை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தோம். ராமை மாற்றிப் பார்த்தோம். மின்சாரத்தைத் துண்டித்து, நாணயம் போலிருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி மாட்டினோம். எஸ்எஸ்டியையும் எடுத்துவிட்டோம். சிபியு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். எந்த விளக்கு எரிகிறது என்பதைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. "போர்டையும் பிராசசரையும் கொண்டு வாருங்கள், ஐந்து நிமிட வேலை" என்றார்கள். அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

கவுண்டரில் இருந்த இளைஞர் பிராசசரை எடுத்தார், போர்டில் அது உட்காரும் இடமான சாக்கெட்டின் மேல் செல்பேசி வெளிச்சத்தை அடித்தார், நிமிர்ந்தார். "பின் வளைந்திருக்கிறது சார். நீங்கள் மாட்டும்போது ஆகியிருக்கும். இது வாரன்டியில் வராது." அவ்வளவுதான் பரிசோதனை. எங்கள் போர்டில் இருப்பது ஏஎம்5 வகைச் சாக்கெட். அதில் 1718 முனைகள் இருக்கின்றன. முந்தைய ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருந்தன. இதில் அவை போர்டிலேயே இருக்கின்றன, தொட்டாலே வளையும். அதனால் இந்தக் குற்றச்சாட்டு யாரையும் உடனே வாயடைக்க வைத்துவிடும்.

என் செல்பேசியில் படம் இருந்தது. பெட்டியைப் பிரித்ததும், பிராசசர் வைப்பதற்கு முன், சாக்கெட்டை நேர் மேலிருந்தும் இரண்டு பக்கச் சாய்விலிருந்தும் எடுத்த படங்கள். பின்கள் வரிசை மாறாமல் இருந்தால் ஒரே சீராக ஒளிரும். ஒன்று வளைந்தாலும் அந்த இடம் கண்ணுக்குத் தனியாகத் தெரியும். அந்தப் படத்தையும் கவுண்டரில் கிடந்த போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எந்தப் பின் என்று காட்டுங்கள்" என்றேன். காட்ட முடியவில்லை. உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார். அவரும் பார்த்தார். பின் விவகாரம் அப்படியே மறைந்துபோய், "உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா?" என்ற கேள்வி வந்தது. இருக்கிறது, மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன் என்றேன். உடனே, "அப்படியானால் போர்டுதான் போயிருக்கிறது, சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்" என்று சொல்லி, பரிசோதனைக் கட்டணம் என 500 ரூபாயையும் வாங்கிக்கொண்டார்கள். அங்கே வேறு பிராசசர் போட்டோ வேறு போர்டு போட்டோ யாரும் பார்க்கவில்லை. எதற்கு அந்த 500?

சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து, முறை வந்ததும் பில்லை நீட்டினேன். "இதில் சீரியல் எண் இல்லையே." மாடல் பெயர் இருந்தது, தேதி இருந்தது, ஜிஎஸ்டி எண் இருந்தது. போர்டின் சீரியல் எண்ணைக் கடை எழுதவில்லை. எழுதி முத்திரை போட்டு வாங்கி வரச் சொன்னார்கள். திரும்பவும் கடை. பில் போடுபவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து, எழுதி, முத்திரை தேடி எடுத்து, நான் மீண்டும் சர்வீஸ் சென்டருக்குப் போனபோது அன்றைய டோக்கன் முடிந்துவிட்டது. பில் வாங்கும்போதே போர்டு, பிராசசர், ராம், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் சீரியல் எண் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே நின்று பாருங்கள். சாக்கெட்டின் மேல் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியையும் எறிந்துவிடாதீர்கள். அது இல்லாமல் போர்டை வாரன்டிக்கு வாங்கப் பெரும்பாலும் மறுப்பார்கள். என்னிடம் இருந்தது, அதை மட்டும் பாராட்டினார் அந்த டோக்கன் கொடுப்பவர்.

போர்டைக் கையிலேயே தூக்கிக்கொண்டு எழும்பூரில் ரயிலேறினேன். உண்மை தெரிந்தது அந்தப் பயணத்தில்தான். தயாரிப்பாளரின் இணையதளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் அது ஏற்கும் பிராசசர்களின் பட்டியல் இருக்கும். எந்தப் பிராசசருக்கு எந்த பயாஸ் (கணினியை எழுப்ப போர்டிலேயே பதிந்திருக்கும் நிரல்) பதிப்பிலிருந்து ஆதரவு என்று எதிரிலேயே போட்டிருப்பார்கள். 9600எக்ஸ் இருந்த வரியைத் தேடி எடுத்தேன். அதற்குத் தேவையான பதிப்பு ஒன்று. போர்டின் மேல் ஒட்டியிருந்த சிறு சீட்டில் அச்சிட்டிருந்த பதிப்பு வேறு, அதைவிடப் பழையது.

காரணம் எளிது. பி650 போர்டுகள் 2022 அக்டோபரில் சந்தைக்கு வந்தன. அப்போது இருந்தது ரைசன் 7000 வரிசை. 9600எக்ஸ் வந்தது 2024 ஆகஸ்டில். சாக்கெட் ஒன்றுதான், பிராசசர் அழகாகப் பொருந்தும், விசிறியும் சுற்றும். ஆனால் பிராசசரை எழுப்பும் நிரல் பயாஸுக்குள் இருக்கிறது, 2024-க்கு முன் எழுதிய பயாஸுக்கு இந்தப் பிராசசர் யாரென்றே தெரியாது. கிடங்கில் நெடுநாள் இருந்த போர்டை எங்களிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். நாள்தோறும் இதையே விற்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பயணமும் தேவைப்பட்டிருக்காது.

நல்ல வேளையாக எங்கள் போர்டின் பின்புறத்தில் பயாஸ் ஃப்ளாஷ் பொத்தான் இருந்தது. பழைய பிராசசர் எதையும் கடன் வாங்காமலே பயாஸைப் புதுப்பிக்க அது உதவும். பிராசசர், ராம் எதுவும் தேவையில்லை. பவர் சப்ளையின் 24 முனைக் கேபிளும் எட்டு முனைக் கேபிளும் மாட்டியிருந்தால் போதும். போர்டு வாங்கப் போகிறவர்கள் இந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் இருக்காது.

புதிய பயாஸ் கோப்பை இறக்கி, தயாரிப்பாளர் சொன்ன பெயருக்கு மாற்றி, பென்டிரைவில் போட்டு, அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு சில முறை மினுங்கிவிட்டு அப்படியே நின்றது. கோப்பைப் படிக்க முடியவில்லை என்பதன் அடையாளம் அது. அந்தப் பென்டிரைவ் 64 ஜிபி, எஃப்ஏடி32 முறையில் இல்லாதது. பழைய 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தேடி எடுத்து, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்து, அந்தக் கோப்பை மட்டும் வைத்தேன். இந்த முறை விளக்கு சீராக மினுங்கத் தொடங்கியது, நிற்கவில்லை. பயாஸ் எழுதும்போது மின்சாரம் போனால் போர்டு உண்மையாகவே போய்விடக்கூடும். ஆகவே இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்துத்தான் செய்தேன். எங்கள் தெருவில் மின்சாரத்தை நம்ப முடியாது.

விளக்கு அணைந்ததும் பிராசசரையும் ராமையும் மாட்டிப் பொத்தானை அழுத்தினோம். சிபியு விளக்கு எரிந்தது, அணைந்தது! அடுத்து டிராம் விளக்கு எரிந்தது. அது அணையவில்லை. "அண்ணா, மறுபடியும் போச்சா? அணைத்துவிடவா?" என்று தங்கை சுவிட்சில் கை வைத்துவிட்டாள். வேண்டாம் என்று தடுத்தேன். டிடிஆர்5 ராம் முதன்முறை எழும்போது பிராசசர் அதைப் பழக்கிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், ராம் அதிகமானால் இன்னும் கூடுதலாக ஆகும். அந்த நேரத்தில் திரை கறுப்பாகத்தான் இருக்கும், இடையில் தானே அணைந்து எழுவதும் உண்டு. அதைப் பழுது என்று நினைத்து அணைத்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். திரை வந்தது. பயாஸ் முகப்பில் பிராசசரின் பெயரைப் பார்த்ததும் தங்கை போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

விண்டோஸ் ஏற்றியது வரை சரி. ராம் பெட்டியில் 6000 என்று போட்டிருக்கிறது, ஆனால் தானாக ஓடுவது 4800 வேகத்தில். பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பைப் போட்டால்தான் முழு வேகம். போட்டதும் வரைபட மென்பொருள் திடீர் திடீரென மூடிக்கொண்டது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை பென்டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிட்டதில் பிழைகள் சிவப்பாகக் குவிந்தன. தனித்தனியாகச் சோதித்ததில் ஒரு ராம் மட்டும் முழு வேகத்தில் தவறியது. பிழைத் திரையைப் படமெடுத்து அனுப்பினேன். ராம் நிறுவனத்தார் ஒரு கேள்வியும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஜோடியாக வாங்கியதை ஜோடியாகத்தான் திருப்ப வேண்டும், பெட்டியோடு.

மிச்சம் இருந்தது அந்த 500 ரூபாய். பிராசசர் பட்டியல், போர்டின் மேல் இருந்த பதிப்புச் சீட்டு, சாக்கெட்டின் படம், போர்டும் பிராசசரும் ஒன்றாக இருந்த பில், இப்போது ஓடும் பயாஸ் திரை எல்லாவற்றையும் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, கட்டணத்தைத் திருப்பித் தரக் கேட்டேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியப் போகிறேன், பொருந்தாத போர்டைப் பொருந்தும் என்று விற்றதையும் சேர்த்தே எழுதுவேன் என்று அடுத்த செய்தி அனுப்பினேன். அன்று மாலையே ஜிபேயில் 500 ரூபாய் வந்து சேர்ந்தது. மன்னிப்பு வரவில்லை. புதிய பிராசசரோடு பழைய போர்டை வாங்கப் போகிறவர்கள், பில் போடுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கவுண்டரில் வைத்தே முடிகிற வேலை அது. மறுத்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள். அந்தத் தெருவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.